விழப் பார்த்ததைக் கேட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை என் கைபேசியில் கோதண்டராமன் சாரின் பெயர் வந்தது. அவர் தினமும் கூப்பிடுகிற நேரம்தான். எடுத்ததுமே, "இன்னும் முழுசாத்தான் இருக்கேன் சார், கவலைப்படாதீங்க" என்றேன். மறுமுனையில் அவர் மகள். "ஆன்ட்டி, அப்பா போயிட்டார்" என்றாள். காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லையாம்.

இந்தத் தெலுங்கு ஊரில், மௌலா அலி பக்கம் தனியாக இருக்கும் தமிழ்க் கிழங்கள், என்னையும் சேர்த்து, எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். ஆலை ஓய்வு கொடுத்தது; அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என் கணவரின் காரியம் முடிந்த வாரமே டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக வந்து நின்றார். குளியலறைத் தரையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி, வெறுங்காலோடு நடந்து பார்த்தார். துக்க வீட்டில் இதென்ன கூத்து என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடிக் கம்பி பொருத்த ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "தனியா இருக்கிறவங்களுக்கு இது எதுக்கு மேடம்? விழுந்தா நாங்க கதவை உடைக்கணும்." நியாயமான பேச்சு. ஆனால் நான் தனியாள் ஆகிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆலையில் ஒரு வழக்கம் உண்டாம். நடந்த விபத்தை மட்டுமல்ல, நடக்கவிருந்து தப்பியதையும் சொல்லிவிட வேண்டும். அதை அப்படியே எங்கள் தலையில் கட்டினார். "விழுந்ததை ஆஸ்பத்திரியில கேட்டுக்குவாங்க. விழப் பார்த்ததை எனக்குச் சொல்லுங்க." யார் சொல்வார்கள்? பிள்ளைகள் காதுக்குப் போனால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்களே! என் மகன் பெங்களூரில் எனக்கென்று ஓர் அறையை ஒழித்தே வைத்திருந்தான். ஒருநாள் போனில், எரிச்சலில், "ஆமா, புடவை காயப்போட ஸ்டூல்ல ஏறினேன், ஆடிச்சு, போதுமா?" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்றார். "ஸ்டூல் நக்கோ மேடம், வேணாம்" என்று முனகிக்கொண்டே கொடியைத் தோள் உயரத்துக்கு இறக்கிக் கட்டினார். அதற்கப்புறம் ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தேன்.

போன தீபாவளிக்கு வந்த மகன் அவரைப் பிடித்துக்கொண்டான். "அங்கிள், உண்மையைச் சொல்லுங்க. அம்மா இங்க தனியா இருக்கலாமா?"

"ஸ்டூல்ல தடுமாறினாங்க. குளிக்கறப்போ ஒருதடவை வழுக்கினாங்க" என்று சார் போட்டு உடைத்துவிட்டார். அடப்பாவி மனுஷா, கவுத்துட்டியே என்று உள்ளுக்குள் வைதேன். மகன் முகம் இருண்டது. சார் நிதானமாகத் தொடர்ந்தார்: "இதெல்லாம் அவங்களே சொன்னதுப்பா. மறைக்கிறவங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும். சொல்றவங்க இருக்கலாம்."

மகன் என்னை இங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினான்.

இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறான். "இனிமே உன்னை யாரும்மா கேக்கப் போறாங்க?" காய்கறிக்காரரோடு தெலுங்கில் பேசும் நாலு வார்த்தையோடு என் பகல் முடிந்துவிடுகிறது. கணவர் போனபோதுகூட வீடு இவ்வளவு வெறிச்சென்று இல்லை. அப்போது கேட்பதற்கு சார் இருந்தார்.

நேற்று கட்டிலிலிருந்து எழுந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்து நின்றேன். யாரும் பார்க்கவில்லை, நானாகச் சொன்னாலொழிய யாருக்கும் தெரியப்போவதில்லை. இதைப் படிக்கிற, அவரை அறிந்த நீங்கள் ஆளுக்கொரு நினைவு வைத்திருப்பீர்கள். என்னிடம் அவர் விட்டுப்போனது, வாயைத் திறந்து சொல்லிவிடுகிற இந்தத் துணிச்சல் ஒன்றுதான். அப்போதே பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"டேய், இன்னிக்கு விழப் பார்த்தேன்டா."

மகன் கூட்டிப்போக வருவானோ, இருக்கட்டும் என்று விடுவானோ, எனக்குத் தெரியாது. மறைக்கலை, சார்.