அதே கலர் வேணும்

பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவளை ஒழித்துக்கட்ட இரண்டே வார்த்தை போதும்: "அதே கலர்". மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் நான் அந்த மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மேட்சிங் பிளவுஸ் தேடித் தருகிறவர்களே, பழைய சுவிட்சுக்கு ஜோடி கேட்கிறவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொல்லி அழுதால்தான் புரியும். ஒரு கம்பெனி கலரை இன்னொரு கம்பெனி டப்பாவில் கொண்டுவரலாம், ஆனால் கிட்டத்தட்டத்தான். கம்பெனிக்குக் கம்பெனி அடிப்படை வெள்ளையே வேறு, சொட்டு விடுகிற சாயமும் வேறு. போதாக்குறைக்குச் சுவருக்கும் வயசாகியிருக்கும்.

அதனால் எல்லோரிடமும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். கை அகலம் அடித்துக் காயவிட்டுப் பாருங்கள். அடிப்பதென்றால் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடியுங்கள், நடுவில் நிறுத்தினால் திட்டுத் தெரியும். ஒருத்தரும் காதில் வாங்கியதில்லை. ஒரே ஒருவர் வாங்கினார், அவர் கதை கடைசியில் வரும்.

போட்டோ இருந்த இடம்

மேடவாக்கம் ஃப்ளாட்டிலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை தொங்கியது. போனில் ஒரு சுவரைக் காட்டி, இந்தக் கலரைக் கலக்கித் தரச் சொன்னார். ட்யூப் லைட்டில் எடுத்த படம், அதை நம்பிப் பெயின்ட் கலக்குவதும் கிளி ஜோசியம் பார்ப்பதும் ஒன்றுதான். சுவரின் நடுவில் சதுரமாக ஓர் இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. கல்யாண போட்டோ மாட்டியிருந்த இடமாம். மனைவி பிரிந்து போகும்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை, இவர்தான் கழற்றி வைத்தாராம். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

சுவரில் இரண்டு நிறம் தெரிகிறதே, எதைக் கலக்கட்டும் என்றேன். போனை ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "பழசாகிப்போன கலரே போதும் மேடம். அந்த இடம் மட்டும் புதுசா இருக்கு, அதைத்தான் பார்க்க முடியல."

இடுப்புக்குக் கீழே

முடிச்சூர் பக்கம் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் சுவரில் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போகும். அங்கிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மழைக்காலம் முடிந்ததும் வருவார். கோட்டுக்குக் கீழே மட்டும் அடிக்க அதே கலர் வேண்டும். ஒரு தடவை ஒரு கம்பெனி, மறு தடவை கடையில் எது இருக்கிறதோ அது. ஹால் முழுக்கப் பட்டை பட்டையாக நிற்கிறது என்று அவரே சொல்வார். ஒரு மழையில், படுக்கையாகக் கிடந்த மாமனாரை அந்தத் தண்ணீரில்தான் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். மனிதர் திரும்பி வரவில்லை.

சார், மேலேயும் சேர்த்து முழுச் சுவரையும் அடித்துவிடுங்களேன், பார்க்க நன்றாக இருக்கும் என்றேன். வாத்தியார் கோபித்துக்கொள்ளவில்லை. "மேல அடிச்சு என்னம்மா ஆகப்போகுது? வர்ற தண்ணி கீழதானே வரப்போகுது."

காயும்வரை

எங்கள் கடைக்கு வாடிக்கையாக வருகிற பெயின்டர் மூர்த்தி அண்ணன். கை சுத்தம், வாய்தான் சும்மா இருக்காது. கை அகலம் அடித்துக் காயவிட்டுப் பார்க்கச் சொல்லி அவரிடம் நான் மன்றாடாத நாளில்லை. "அக்கா, காயற வரைக்கும் செவுத்த பாத்துகினு குந்திகினு இருந்தா, வூட்டுக்காரன் என்னியதான் மொதல்ல தொரத்துவான்."

அப்பா சாய்ந்த இடம்

பெருங்களத்தூரிலிருந்து ரகு என்று ஒருவர் வந்தார். மொட்டைத் தலையில் முடி குத்துக்குத்தாக முளைத்திருந்தது. அப்பா போய்விட்டார். ரிட்டையர் ஆனதிலிருந்து நாள் முழுக்க ஹாலில் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துத்தான் பேப்பர் படிப்பாராம், டிவி பார்ப்பாராம். தலை நிறைய தேங்காய் எண்ணெய் வைக்கிற மனிதர். சுவரில் தலை அளவுக்கு வட்டமாகக் கறை விழுந்துவிட்டது. இப்போது அம்மா அதற்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தட்டில் போட்ட சோறு காய்ந்து போகிறது. மகன் தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொன்னாலும் வருவதில்லை. எப்படியோ பேசி, படப்பையில் இருக்கும் மாமா வீட்டுக்கு இரண்டு நாள் அனுப்பி வைத்திருந்தார். அதற்குள் கறையை மறைத்தாக வேண்டும். வேறு கலர் அடித்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

டிஷ்யூ பேப்பரில் மடித்து நகம் அளவுக்கு ஒரு பெயின்ட் செதில் கொண்டுவந்திருந்தார். சுவரில் இருப்பது இப்போது கடைகளில் வராத ஏதோ ஒரு கம்பெனி. செதிலை எங்கே பெயர்த்தீர்கள் என்று கேட்டேன். "ஹால் சுவர்லதான் மேடம், தானா உரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு" என்றார். நிறம் பார்க்கும் கருவியை வைத்துக் கலக்கினேன். செதிலில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டால், பொட்டு எது செதில் எது என்று எனக்கே தெரியவில்லை. வழக்கமான பாட்டைப் பாடினேன். அவர் ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அம்மா திரும்பி வரும்போது அங்க ஒண்ணுமே இருந்ததில்லைங்கிற மாதிரி இருக்கணும் மேடம்."

மூலைக்கு மூலை

வேலைக்குப் போனது மூர்த்தி அண்ணன்தான். மறுநாள் கடை திறக்கும்போதே வந்து நின்றார். வாய் ஓயாத மனிதர் பேச்சை ஆரம்பிக்கத் தயங்கினார். நான் சொன்னபடி கை அகலம் அடித்துப் பார்த்திருக்கிறார்கள், கறையின் மேலேயே. நிறம் அப்படியே ஒத்துப் போனதாம். அந்த நம்பிக்கையில் மூலைக்கு மூலை அடித்துவிட்டார்கள். மற்ற இடமெல்லாம் கருக்கிறதே என்று ரகு கேட்டதற்கு, காய்ந்தால் சரியாகிவிடும் என்று இவர் சமாதானம் சொல்லியிருக்கிறார். விடிந்து வெளிச்சத்தில் பார்த்தால் சரியாகவில்லை. "அக்கா, அந்தாளு செதில கறையிலேந்தே பேத்துகினு வந்துகீறாரு. இப்ப செவுரு பூரா அவங்கப்பா தலை வெச்ச கலராவே கீது."

திரும்பவும் அதே கலர்

இரண்டு நாள் கழித்து ரகு மறுபடி வந்தார். இந்தத் தடவை அம்மாவும் கூட வந்திருந்தார். மெலிந்த உருவம், கழுத்தும் நெற்றியும் வெறுமையாக இருந்தன. படப்பையிலிருந்து வந்து சுவரைப் பார்த்துவிட்டாராம். இப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து, எண்ணெய் படாத இடமாகப் பார்த்துப் பெயர்த்த செதிலை ரகு நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

செதிலைக் கருவிக்கு அடியில் வைக்கப் போனேன். அந்தம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கலக்காதேம்மா" என்றார். ரகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தம்மா மகன் பக்கம் திரும்பவேயில்லை, என்னிடம்தான் பேசினார். குரல் சாதாரணமாக இருந்தது. "எண்ணெய்த் தலையைச் சுவத்துல வைக்காதீங்க, வைக்காதீங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து திட்டிக்கிட்டே இருந்தேன். இப்ப சுவர் மொத்தமும் அந்தக் கலர்தான், திட்டறதுக்குத்தான் ஆள் இல்ல."

அதே கலர் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கிட்டத்தட்டத்தான் கொடுத்திருக்கிறேன். இம்மி பிசகாமல் கொடுத்தது ஒரே ஒரு சுவருக்கு, அதுவும் அந்தக் கலர் கண்ணில் படக்கூடாது என்று வந்தவருக்கு.