முதல் ஈசிஜி நோர்மல்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் டிஸ்பென்சரி திறந்த புதிதில் ஒரு காலை. தையல்காரி பிலோமினா படியேறி வந்து, கதிரையில் விழுந்த மாதிரி உட்கார்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, என்னிடம்தான் மருந்து எடுப்பவர். கூடவே கணவர் அந்தோனி. பிலோமினாதான் கதைத்தார்.

“டொக்டர், வாயு ஏறி நிக்குது. ஊசி ஒண்டு போட்டு விடுங்கோ. நாளைக்குக் கலியாணம், பொம்பிளையின்ர ஃப்ரொக் இன்னும் முடியேல்ல.”

“எங்க நோகுது?”

“நோவெண்டு இல்ல. மேல்வயிறு இறுக்கிப் பிடிக்குது. தாடையும் உளையுது.”

கையைத் தொட்டேன். குளிர்ந்து, வேர்த்திருந்தது. அந்த வேர்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஈசிஜி எடுத்தேன். நோர்மல் என்றேன். என்றாலும் அம்புலன்ஸுக்கு அழைத்தேன். அலர்ஜியோ வயிற்றுப் புண்ணோ இல்லை என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அஸ்பிரினை மென்று விழுங்கச் சொன்னேன்.

அந்தோனிக்குக் கோபம். “நோர்மல் எண்டு நீங்கதானே சொன்னீங்க? பிறகு என்னத்துக்கு ஆஸ்பத்திரி?”

“ஈசிஜி நோர்மல் எண்டுதான் சொன்னனான். ஆள் நோர்மல் எண்டு சொல்லேல்ல.”

உடம்பில் ஒட்டிய லீட் வயர்களைக் கழற்றாமல், சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்தேன். இதயத்தின் கீழ்ப்பக்கத்தைக் காட்டும் லீட்களில் எஸ்டி என்ற கோடு உயர்ந்திருந்தது. மாரடைப்பு. சொன்னதும் அந்தோனி துள்ளி எழும்பினார்.

“அப்ப ஓட்டோவில ஏத்திக்கொண்டு ஓடுறன். வாசல்லதான் நிக்குது.”

கதவை மறித்து நின்றேன். “வேண்டாம். வழியில ஏதும் நடந்தா ஓட்டோவில ஒண்டும் செய்யேலாது.”

பிலோமினா கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ் வரும்வரை அவருடைய நாடியைப் பிடித்தபடி நின்றேன்.

போகும் வழியில் அவருடைய இதயம் நின்றது. அம்புலன்ஸில் இருந்தவர்கள் ஷொக் கொடுத்து மீட்டார்கள். ஆஸ்பத்திரியில் அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள்.

அடுத்த நாள் அந்தோனி வந்தார். “கண் முழிச்ச உடன என்னைத்தான் ஏசினவ டொக்டர். ஷேவ் எடுக்காம வந்து நிக்கிறனாம்” என்று சொல்லி அழுதார்.

புதிதாக ப்ராக்டிஸ் தொடங்கும் டொக்டர்மாருக்கு ஒன்று சொல்கிறேன். பெண்களும் சீனி வருத்தக்காரரும், நெஞ்சு நோவு என்ற சொல்லே இல்லாமல் மாரடைப்போடு வந்து உட்காருவார்கள். முதல் ஈசிஜி அந்த நிமிடத்துச் செய்தி மட்டும்தான். சந்தேகம் இருந்தால் திரும்ப எடுங்கள், அனுப்பி வையுங்கள். ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால், வீணாக அலைய வைத்தீர்கள் என்று உங்களை ஏசுவார்கள். ஏசட்டும். ஏசுவதற்கு ஆள் இருப்பார்.