இரண்டு நாள் பழைய ரொட்டி

அருளப்பன் இறந்த செய்தி எனக்கு மிஸ்டு காலாக வந்தது. குளச்சல் பக்கத்திலிருந்து அவருடைய மருமகன் ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிட்டார். சாவுச் செய்தியானாலும் வளைகுடாக்காரன்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்பது நம் ஊர்க்காரர்களின் சட்டம். கூப்பிட்டேன். "காலையில சாயா குடிச்சிட்டு இருந்தவரு, அப்படியே சாஞ்சிட்டாரு சாரே. மாமாவுக்க போன் லிஸ்டுல ஒங்க பேருதான் முதல்ல இருந்தது" என்றார். என்னுடைய விரோதிகள் பட்டியலில் அவர் பெயரும் முதலில்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை.

அபுதாபி பக்கத்தில் முசஃபா தொழிற்பேட்டையிலிருந்த எங்கள் கம்பெனி கேம்பில் அவர் கையால் சாப்பிட்டவர்களுக்கு அருளப்பனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கேம்பில் ஒரே சமையலறை, இரண்டு சாப்பாட்டு அறைகள். ஒன்று வெள்ளைக்கார எஞ்சினியர்களுக்கு, இன்னொன்று வெல்டர், ஃபிட்டர், ஹெல்பர் எல்லோருக்கும். இரண்டுக்கும் சமையல்காரர் அருளப்பன். நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு அங்கே ஸ்டோர் கீப்பராக போல்ட்டுகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். என் படிப்பை அந்த கேம்பில் மதித்தவர் அவர் ஒருவர்தான். அதனால் வந்த வினைதான் எல்லாம்.

கேம்புக்கு ரொட்டி சப்ளை செய்த காண்டிராக்டர், புது ரொட்டியை எஞ்சினியர்களுக்கு இறக்குவான். அவர்கள் தின்று மிஞ்சியது அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ தொழிலாளர்களின் மேசைக்கு வரும். அருளப்பனுக்கு இது தாங்காது. "ஊரு விட்டு வந்தவன் எல்லாவனும் விருந்தாளிதான் சாரே. விருந்தாளிக்குப் பழையத வைக்கப்பிடாது" என்பார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். மேனேஜருக்கு மனு எழுதச் சொல்லி என்னிடம் வந்தார். நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு மாதம் கழித்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு, மேனேஜரிடம் கொடுத்துவிடும்படி என்னிடமே தந்தார்.

மூன்றையும் நான் மேனேஜரிடம் கொடுக்கவில்லை. இதை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். அதே மேனேஜரின் மேசையில், என் குடும்ப விசாவுக்கான கம்பெனிக் கடிதம் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. என் மனைவியும், பள்ளியில் சேர வேண்டிய மகளும் தஞ்சாவூரில் பெட்டி கட்டிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் ரொட்டிக்காக அந்த மனிதரை எரிச்சல்படுத்த நான் தயாராக இல்லை. மனுக்கள் என் டிராயரில் பத்திரமாக இருந்தன. அருளப்பன் கேட்கும்போதெல்லாம், "பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று சொன்னேன்.

மேனேஜருக்கு அறுபது வயது நிறைந்தது. சிறு வயதில் அவருடைய அம்மா கோடையில் செய்துகொடுத்த ஒரு புட்டிங்கைப் பற்றி ஏக்கத்தோடு பேசினார். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, கருப்புத் திராட்சை போல ஒரு புளிப்புப் பழம். எல்லாவற்றையும் சர்க்கரையோடு லேசாகச் சூடுகாட்டி, ரொட்டித் துண்டுகள் பதித்த கிண்ணத்தில் ஊற்றி, மேலே ரொட்டியால் மூடி, கனம் வைத்து ஓர் இரவு முழுக்கக் குளிரூட்ட வேண்டும். மறுநாள் கவிழ்த்தால் செக்கச்செவேலென்று கோபுரம் போல நிற்குமாம். "நம் அருளப்பன் செய்வார் சார்" என்றேன். என் விசாக் கடிதம் என் கண்முன் ஆடியது.

மேனேஜர் கொடுத்த செய்முறையை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ரொட்டியின் இடத்தில் அருளப்பன் கையை உயர்த்தினார்.

"ரெண்டு நாளு பழசா?"

"அப்படித்தான் எழுதியிருக்கிறது."

"நீரு தப்பா வாசிச்சிருப்பீரு. அறுவது வயசு விசேஷத்துக்கு ஊசிப்போன ரொட்டியா? எம்.ஏ. படிச்ச கண்ணாடிய மாத்தும் ஓய்."

பழத்துக்காக அபுதாபியின் பெரிய கடைகளில் பாதி நாள் அலைந்தவன் நான். கனம் வைக்க என் ஸ்டோரிலிருந்து, குழாய் முனையை அடைக்கும் இரண்டு கிலோ இரும்பு வட்டு ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொடுத்தவனும் நான். ரொட்டி மட்டும் அவர் பொறுப்பு. பேக்கரியிலிருந்து சூடு ஆறாமல் வந்த ரொட்டியாகப் பார்த்து வாங்கினார், பாவி.

விருந்தில் எஞ்சினியர்கள் சுற்றி நிற்க, கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்துத் தூக்கினார். கோபுரம் ஒரு கணம் நின்றது. பிறகு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது, உட்கார்ந்தது படுத்தது, படுத்தது தட்டின் விளிம்பைத் தாண்டி மேசை விரிப்பில் நடக்கத் தொடங்கியது. சைட்டில் யாராவது இறந்துபோனால் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பதுபோல் எல்லோரும் நின்றார்கள்.

"என்ன ரொட்டி?" என்றார் மேனேஜர்.

"நியூ பிரெட் சார்! வெரி ஃப்ரெஷ்! ஓல்ட் பிரெட் மாஃபி!" என்றார் அருளப்பன். இல்லவே இல்லை என்பதை மட்டும் அவர் அரபியில்தான் சொல்வார்.

"பழையதுதான் வேண்டும், அருளப்பன். புதியது ஊறினால் கூழாகிவிடும்."

அருளப்பன் என் பக்கம் திரும்பினார். "சாரே, நெசமாவே பழசுதான் கேக்காரா?" நான் தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைக் கண்டதும் நான் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தேன்.

"சார், ஓல்ட் பிரெட், கேம்ப் மேன் டெய்லி ஈட்டிங். நோ பெர்ரி. ஒன்லி பிரெட். த்ரீ லெட்டர் ஐ கிவ்."

"எந்த லெட்டர்?"

அருளப்பன் பெருமையோடு என்னைக் கைகாட்டினார். நான் மேசை விரிப்பில் நகர்ந்துகொண்டிருந்த புட்டிங்கைப் பார்த்தேன். அதற்காவது போக இடம் இருந்தது.

மேனேஜர் என்னை அறைக்கு அழைத்துக் கேட்டார். என் டிராயரைப் பற்றிச் சொன்னேன். "நல்ல பழக்கம். உன் கடிதத்தையும் கொஞ்ச நாள் என் டிராயரில் வைத்திருக்கிறேன்" என்றார். கொஞ்ச நாள் என்பது ஒரு வருடம். அதே வாரத்திலிருந்து தொழிலாளர் மேசைக்குப் புது ரொட்டி வந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் அருளப்பனை வாழ்த்திக்கொண்டே தின்றார்கள். என் மகள் ஒன்றாம் வகுப்பைத் தஞ்சாவூரில் படித்தாள். அந்த ரொட்டியை நானும் தின்றேன், நன்றாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு அதிக எரிச்சல்.

மனுக்களை ஏன் கொடுக்கவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த வாய்ப்பையும் எனக்குத் தரவில்லை.

ஒரு வருடம் கழித்துக் குடும்பம் வந்தது. முசஃபாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட். முதல் வெள்ளிக்கிழமை, கதவைத் தட்டிக்கொண்டு அருளப்பன் கிண்ணத்தோடு நின்றார். மேலே அதே இரும்பு வட்டு. கவிழ்த்தார். செக்கச்செவேலென்று நின்றது. என் மகள் கைதட்டினாள்.

"இந்தத் தடவை ரெண்டு நாளு பழைய ரொட்டிதான் சாரே" என்றார்.

"விருந்தாளிக்குப் பழையது கூடாது என்பீர்களே?" என்றேன், விடாமல்.

"விருந்தாளியா? ஆரு? பொண்டாட்டியும் பிள்ளையும் வந்தாச்சில்லா, இனி நீரு வீட்டுக்காரன். வீட்டுக்காரன் பழையதத் தின்னலாம். சாப்பிடும் ஓய்!"

சாப்பிட்டேன். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அந்த ஒரு வருடத்தை நான் அவருக்கு மன்னித்துவிட்டேன் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போகும்போது, "இந்த இரும்ப ஸ்டோர்ல கொடுத்திரும்" என்று வட்டை என் கையில் வைத்தார். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. அதன் அடியில் காற்றில் பறக்காமல் மூன்று மனுக்கள் இருக்கின்றன. கொடுத்துவிடும்படி அருளப்பன் என்னிடம் தந்த எதையும் நான் கொடுத்ததில்லை. இனியும் கொடுப்பதாக இல்லை.