டெஸ்ட்டில் சிக்காத வாசனை

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கமலா அக்கா ஒரு டப்பா நிறைய கேசரி கொண்டுவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“ரகு கூலிம் ஃபாக்டரில புது வேலை கேட்டிருந்தான், போதை இருக்கான்னு யூரின் டெஸ்ட் எடுத்தாங்க. கிளீன்! நான்தான் பெத்த புள்ளைய சந்தேகப்பட்டுட்டேன்.”

“எதுக்குக்கா சந்தேகம்?”

“கண்ணு செவந்து கெடக்கும். தலவலின்னு படுத்துக்குவான். சோறும் எறங்கல. சட்டையில டயர் ஒட்டுற கம் வாசம் வேற... மோட்டார் கடையில வேல செய்யுறவன்கிட்ட வராதா என்ன?”

நான் கேசரி டப்பாவை அப்படியே மூடி வைத்தேன்.

என் தம்பி விக்கியும் மோட்டார் கடையில்தான் வேலை செய்தான். புக்கிட் செலம்பாவ் ஊரில் டயர் டியூப் ஒட்டுவான். அவன் சட்டையில் வரும் கம் வாசனையை அம்மா ‘சம்பாதிக்கிற வாசனை’ என்பார். கஞ்சாவோ என்று பயந்து அப்பா ஒருமுறை டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போனார். கிளீன். அம்மா முனியாண்டி கோயிலில் தேங்காய் உடைத்தார்.

அந்த டெஸ்ட் கஞ்சாவைத் தேடும், ஐஸ் என்கிற போதைத்தூளைத் தேடும், போதை மாத்திரையைத் தேடும். பையில் ஊற்றி மூக்கால் இழுக்கிற கம்மைத் தேடாது. தேடாததை அது எப்படிக் காட்டும்? விக்கி செத்த பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது.

“அக்கா, ரகுவுக்கு வாயச் சுத்தி சின்னச் சின்னதா புண்ணு இருக்கா?”

அக்காவின் சிரிப்பு போய்விட்டது. “ஆமா... சவரம் பண்ணதுல வந்துச்சுன்னான்.”

“விக்கியும் அப்படித்தான்க்கா சொன்னான். அவனுக்கும் டெஸ்ட் கிளீன்தான்.”

அவ்வளவுதான். அக்கா வாசலில் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். மணியம் அண்ணன் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையில் கட்டையைத் தூக்கிவிட்டார்.

“எஸ்டேட்டு செம்பனைக் காட்டுக்குள்ளதான் இருப்பான் நாயி! பசங்களக் கூட்டிப் போயி வெரட்டிப் புடிக்கிறேன்!”

“வெரட்டாதீங்கண்ணே!” நான் கத்தியே விட்டேன்.

விக்கியை விரட்டத்தான் செய்தார்கள். எஸ்டேட் பையன்கள் நல்ல எண்ணத்தில்தான் போனார்கள். பயமுறுத்தினால் திருந்துவான் என்று “போலீஸ்! போலீஸ்!” என்று கத்திக்கொண்டு துரத்தினார்கள். அவன் கொஞ்ச தூரம்தான் ஓடினான். விழுந்தான். எழுந்திருக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார் — அந்த ஆவி உள்ளே போனால் இதயம் பயந்தாங்கொள்ளி ஆகிவிடுமாம். திடீரென்று அதிர்ச்சி கொடுத்தாலோ ஓட வைத்தாலோ துடிப்பு தடுமாறி நின்றுவிடலாமாம். பல வருஷம் இழுத்தவனுக்குத்தான் என்று இல்லை, முதல் தடவை இழுத்தவனுக்கும் நடக்கலாம். இதயம் தப்பித்தாலும் மூளை, ஈரல், நரம்பு என்று ஒவ்வொன்றாகக் கெடுமாம்.

கேஸை விசாரிக்க வந்த தமிழ்ப் போலீஸ் சார்ஜன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

“கம்மு கடையில விக்கிற சாமான்மா. வாங்குறது தப்பில்ல. கஞ்சா மாதிரி கையில வச்சிருந்தாலே உள்ள போடுற கேஸ் கெடையாது.”

இப்போது சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்களாம். எனக்கு அதெல்லாம் முழுசாகப் புரியவில்லை. ஃபாரம் திரியோடு, அதாவது ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் நான். எனக்குப் புரிந்தது ஒன்றுதான் — கடையில் சும்மா கிடைக்கிற சாமான் என்பதால் அது சும்மா விடாது.

மணியம் அண்ணன் கட்டையைக் கீழே போட்டார். மூன்று பேரும் மெதுவாக நடந்தே போனோம்.

ரகு ஒரு செம்பனை மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். கையில் பிளாஸ்டிக் பை. எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தான். அண்ணன் வாயைத் திறக்குமுன் நான் தூரத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“ரகு, ஓடாதடா. யாரும் அடிக்க மாட்டாங்க. பையக் கீழ வச்சிட்டு சும்மா உக்காரு.”

அவன் அப்பாவைப் பார்த்தான். அண்ணனும் மெல்ல உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய மனுஷன், வெள்ளை வேட்டியோடு சேற்றில்!

“வாய்யா... அம்மா கேசரி கிண்டிருக்கா. பசியாறலாம்.” அவர் குரல் உடைந்துபோயிருந்தது.

ரகு பையை விட்டான். காற்றில் நெடி கலையும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவன் நடந்து வந்தான். ஓடவில்லை... நடந்து வந்தான். என் தம்பிக்கு யாராவது அந்தக் கொஞ்ச நேரத்தைக் கொடுத்திருக்கலாம்.

மறுநாளே கிளினிக்குக் கூட்டிப் போனார்கள். கம்மை விட்டுவிடுவானா? தெரியாது. மோட்டார் கடை வேலையை மட்டும் விட்டிருக்கிறான்.

உங்கள் பிள்ளைக்கும் டெஸ்ட் கிளீன் என்று வந்தால் தாராளமாகக் கேசரி கிண்டுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, அவன் சட்டையை மோந்து பார்த்துவிடுங்கள்.