பிலோமினம்மாவின் கிளினிக் நாட்கள்

தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் பிலோமினம்மா பால் வெட்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள் பெய்த மழையில் மலை முழுக்க வழுக்கலாகக் கிடந்தது. சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு இறங்கியவள், தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது கால் இடறி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் அவள் காதிலேயே கேட்டது.

லயத்து வீட்டுச் சனமே திரண்டு வந்துவிட்டது. சாக்கை விரித்து அவளைப் படுக்க வைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் புஷ்பம், த்ரீவீலில் கரவனெல்ல ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். மறுநாளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் கையில் கஞ்சியோ பழமோ இல்லாமல் வந்ததில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "ரொம்ப வலிக்குதா பிலோமி?"

இல்லை என்று தலையாட்டுவாள். அவர்கள் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நாலு வருடங்களுக்கு முன் அவளுடைய ஒரே மகள் அனோஜா வீட்டை விட்டுப் போனபோது, இதே சனங்கள்தான் குழாயடியில் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அன்றைக்கு ஒருவரும் கஞ்சி கொண்டுவரவில்லை. வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை.

அனோஜா அவிசாவளையில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பழகிய ஒரு சிங்களப் பையனோடு எஹெலியகொடைக்குப் போய்ப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் அப்பா ஜோன் சத்தம் போடவில்லை, அடிக்க ஓடவில்லை. சுவரில் மாட்டியிருந்த மகள் சிறுவயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "இந்த வீட்டுல அந்தப் பேரு வரக்கூடாது" என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து பிலோமினம்மா மகள் பெயரை மலையில் மட்டும்தான் சொன்னாள். அதுவும் பக்கத்து நிரையில் ஆள் இல்லாதபோது, வாய்க்குள்ளேயே.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் ஹபீஸா இருந்தாள். புருஷன் செத்த பிறகு கடைக்குப் பலகாரம் சுட்டுக் கொடுக்கிறவள். கொதிக்கும் எண்ணெய் கையில் கவிழ்ந்து தோள் வரைக்கும் வெந்திருந்தது. கட்டு மாற்ற வரும் நர்ஸ் சிங்களத்தில் "ரிதெனவத?" என்று கேட்டு முடிப்பதற்குள், வலிக்கிறது என்று வார்டு அதிரக் கத்துவாள். பிலோமினம்மாவின் எலும்பைச் சேர்த்துக் கட்டியபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததை ஹபீஸா பார்த்திருந்தாள்.

"எப்பிடி அக்கா கத்தாம ஈந்தீங்க? எனக்கெண்டா உசிரு போகுது."

"இது முடிஞ்சிரும் தங்கச்சி. பிளாஸ்டர கழட்டுற நாளக்கூடச் சொல்லிட்டாங்க. முடியிற வலிதானே."

"அப்ப முடியாத வலி என்ன?"

பிலோமினம்மா சொல்லிவிட்டாள். நாலு வருடமாகப் பூட்டி வைத்திருந்ததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ராத்திரிக்குச் சோறு போடும்போது இன்னமும் கை தானாக மூன்றாவது தட்டை எடுப்பதையும், ரோட்டில் நீலச் சுரிதாரைக் கண்டால் கால் நின்றுவிடுவதையும் சொன்னாள். உடம்பு நொந்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டலாம். இதை எங்கே என்று காட்டுவது?

ஹபீஸா ஒத்துக்கொள்ளவில்லை. "நான் அப்பிடிச் சொல்ல மாட்டன் அக்கா. என்ட மாப்புள மௌத்தாகி அந்தக் கவலையோட ஈக்கச்சொல்லயும் நான் சமைச்சேன், புள்ளைகளப் பாத்தேன், நித்திரையும் வந்திச்சி. இந்தக் கை வெந்த நாள்ல இருந்து ஒண்ணுமே முடியல்ல. மாப்புள முகங்கூட நெனப்புக்கு வரல்ல. உடம்பு நொந்தா மத்ததெல்லாம் ஓடிப் பெய்த்திரும்."

"எனக்கு ஓடலியே."

ஹபீஸா நல்ல கையால் தலையணைக்கடியில் இருந்த போனை எடுத்து நீட்டினாள். "நம்பர் தெரியுமா?"

தெரியும். எழுதி வைக்கவே இல்லை. மனதில் இருந்தது.

மறுமுனையில் மகளின் குரல் சிங்களத்தில் யாரென்று கேட்டது. எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்து வைத்த பேச்சில் ஒன்றுகூடப் பிலோமினம்மாவின் வாய்க்கு வரவில்லை. "கால் ஒடஞ்சு போச்சு புள்ள" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை "அம்மே" என்று கூப்பிடுவது கேட்டது.

அனோஜா அழுதாள். உடனே வருகிறேன் என்றாள். அப்புறம் தயங்கினாள். "அப்பா வருவாருதானே?"

"தெனமும் வாறாரு."

"அவரு மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியமில்லம்மா. துண்டு வெட்டி வீட்டுக்குப் போன பொறவு, காலக் காட்ட கிளினிக்குக்கு வருவீங்கதானே? அந்த நாளைச் சொல்லுங்க."

கிளினிக் நாட்களில் ஜோனுக்கு வேலை இருந்தது. புஷ்பம்தான் துணைக்கு வந்தாள். அனோஜா வரப்போவதைத் தெரிந்துகொண்ட புஷ்பம், மருந்து எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் திரும்பவில்லை. வாசல் பெஞ்சில் அம்மாவும் மகளும் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குழந்தைதான் பிளாஸ்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. தமிழ் வராத பேத்தி. பிலோமினம்மா சிங்களத்தில் கொஞ்சினாள். பேர் செனுலி என்றது. நெற்றியும் காதும் அப்படியே ஜோன்.

அதற்குப் பிறகு அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருப்பதே அவள் வேலையாகிவிட்டது. சட்டையைத் துவைத்து மடித்து வைப்பாள். தேங்காய் ரொட்டி சுட்டு, ஜோன் கேட்காதபடி கடையில் வாங்கியது போலத் தாளில் சுற்றி எடுத்துப் போவாள். பிளாஸ்டரைக் கழற்றிவிட்டார்கள். கால் தேறிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எலும்பு இன்னும் கொஞ்சம் மெதுவாகக் கூடினால் என்ன என்று மாதாவிடம் வேண்டியவள், வேண்டிய பிறகு வெட்கப்பட்டாள்.

ஒரு நாள் டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, இனிமேல் வரத் தேவையில்லை என்று சிரித்தார். பிலோமினம்மா அங்கேயே அழுதாள். சுகமான சந்தோஷம் என்று நினைத்து நர்ஸ் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

பிலோமினம்மாவின் பஸ் வந்தபோது அனோஜா கேட்டாள், "இனி எப்பம்மா?" பிலோமினம்மா குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறினாள். கண்ணாடிக்கு வெளியே குழந்தையின் கை ஆடுவது திருப்பம் வரை தெரிந்தது.

அன்று பின்னேரம் ஜோன் வேலை முடிந்து வந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். பிலோமினம்மா எதிரே வந்து நின்றாள்.

"ஏங்க, கால் ஆறிப் போச்சு. கிளினிக் இனி இல்ல. ஆனா மாசத்துல ஒரு நாள் நான் கரவனெல்லைக்குப் போவேன். இவ்வளவு நாளும் அங்கதான் அவளப் பாத்தேன். இனியும் பாப்பேன்."

ஜோன் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போய்விட்டார். அடி விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிறகு வந்த நாட்களின் மௌனம்தான் அவளை வாட்டியது. வேலைக்குத் திரும்பினாள். ஏற்றத்தில் கால் குத்தும். குத்தட்டும் என்று ஏறுவாள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய் வரும் வழியில், முன்னால் நடந்துகொண்டிருந்த ஜோன் திரும்பாமலே கேட்டார்.

"புள்ள இருக்கா அவளுக்கு?"

"பொம்பளப் புள்ள. நடக்குது."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பேரைக்கூடக் கேட்கவில்லை. மாதம் பிறந்ததும் பிலோமினம்மா சொன்னபடி பஸ் ஏறினாள். ஜோன் தடுக்கவில்லை, கூட வரவுமில்லை. ஒரு தடவை அனோஜா, "நம்ம வீட்டுக் குசினில குந்திச் சாப்பிடணும் போல இருக்கும்மா" என்றாள். பிலோமினம்மா ரொட்டியைப் பிட்டு அவள் வாயில் வைத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் சனங்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.