படம் பேர் தெரியாத பாட்டு

மெல்லிசை மேடையில் பாடுகிறவளுக்குத் தொண்டை கட்டுவதற்கு முன்னால் மானம் போய்விடும். தொண்டைக்காவது சுக்கு, மிளகு என்று வைத்தியம் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது திருவிழாவிலோ கல்யாண வரவேற்பிலோ மைக் பிடித்தவர்களாக இருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் ஜேசுராஜ் அண்ணன் நடத்திய மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடினேன். பெயர் ரோஸி. வாசிக்க ஒரு ஆள், பாட ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டால் வேனில் இடம் போதாது என்பது அண்ணனின் நியாயம். மூன்றாவதாக ஒரு வேலையும் செய்தேன். நானே மெட்டுப் போட்டுச் சொந்தமாகப் பாட்டு எழுதினேன். அதை என்னை யாரும் செய்யச் சொல்லவில்லை.

எங்கள் தொழிலின் சட்டம் உங்களுக்குத் தெரியும். கூட்டத்திலிருந்து சீட்டு வரும். அதில் பாட்டின் முதல் வரி, படத்தின் பெயர், கேட்டவர் பெயர் இருக்கும். அதைப் பாட வேண்டும். கேசட்டில் இருப்பது போலவே பாட வேண்டும். "அப்படியே ஒரிஜினல் மாதிரி இருந்துச்சு" என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் எங்களுக்குப் பட்டம், விருது எதுவும் கிடையாது. எனக்கு இருந்தது ஒரே ஆசை. என் பாட்டைக் கேட்டு ஒரே ஒரு சீட்டு மேடைக்கு வர வேண்டும். சாவதற்குள் வந்தால் போதும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு மெழுகுவர்த்தி கூட ஏற்றியிருக்கிறேன்.

பெட்டிக்குள் இருந்தவர்கள்

சித்தையன்கோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்து. கீபோர்டு என்ற சாமான் அந்தத் தெருவுக்குப் புதிது. ஒரு பொத்தானை அமுக்கினால் வயலின், இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல், மூன்றாவதில் நாதஸ்வரம் என்று நான் வித்தை காட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. மேடைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு நாய்தான் படுத்திருந்தது. கடைசியில் நேராக என்னிடம் வந்து, கீபோர்டு ஸ்டாண்டைச் சுற்றிக் கட்டியிருந்த வெல்வெட் துணியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார்.

நான் பாட்டை நிறுத்தாமல் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பந்தி நடக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கவலையோடு என் காதருகே குனிந்தார்.

"இம்புட்டுப் பேரையும் உள்ள வச்சுப் பூட்டிப்புட்டு நீ மட்டும் நின்னு பாடுறியேத்தா, அவுக எப்பச் சாப்புடுவாக?"

டெமோ

கீபோர்டில் டெமோ என்று ஒரு பொத்தான் உண்டு. விற்கிற கடைக்காரருடைய வசதிக்காக வைத்தது. அதை அமுக்கினால் பெட்டி தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் தானாகவே காட்ட ஆரம்பித்துவிடும். பதற்றத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினால் நிற்கும் என்பது மட்டும் மறந்துபோகும்.

ஊருக்குள் ஒரு புதுவீட்டு விசேஷம். ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்த பிறகு எங்கள் கச்சேரி. அவர் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த வீட்டுக்கு உமது அமைதியைத் தாரும்" என்று ஜெபிக்க, எல்லோரும் கண்ணை மூடினோம். நான் பக்தியோடு சிலுவை போடக் கையைத் தூக்கினேன். முழங்கை அந்தப் பொத்தானில் பட்டது. அமைதி கேட்ட வீட்டில் டிஸ்கோ கிளம்பியது. எங்கள் குழுவில் ரிதம் பேட் வாசிக்கும் செல்வம் பிளக்கைப் பிடுங்க ஓடினான். பிடுங்கியது வாசலில் தொங்கிய சீரியல் செட் விளக்குகளின் பிளக். அதற்குள் சின்னப் பிள்ளைகள் ஆடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

ஃபாதர் அசையவில்லை. டிஸ்கோவோடு சேர்த்தே ஜெபத்தை முடித்து, ஆமென் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜெபம் மேல போயிருச்சும்மா, பதிலும் வந்துருச்சு. அடுத்த தடவ சவுண்டை மட்டும் கொறச்சு அனுப்பச் சொல்லு."

தலையில் இரட்டைப் புள்ளி

செல்வத்தின் மாமா மகன் கப்பலில் வேலை பார்த்தான். ஒரு தடவை லீவில் வந்தபோது சோப்பு, சென்ட் பாட்டிலோடு ஒரு கேசட்டும் கொண்டுவந்தான். ஸ்வீடன் தேசத்துப் பாடகியாம். அட்டையில் ஒல்லியாக ஒரு பெண், குழாயடிச் சண்டைக்குத் தயாரானவள் போல முறைத்துக்கொண்டு நின்றாள். பெயரை எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. நாம் எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்போம். அவர்களுக்குக் கை தாராளம், இரண்டு வைத்திருந்தார்கள்.

வேனில் போட்டுக் கேட்டோம். தபலா இல்லை, கிடார் இல்லை. மிஷின் தாளம் டுப் டுப்பென்று போகிறது, கூடவே கீபோர்டு, அதற்கு மேல் அவள் குரல். அவ்வளவுதான். எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது எல்லாம் அவளேதான் என்று மாமா மகன் சொல்லியிருந்தான். முதலில் ஏதோ ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்தவளாம். சொந்தப் பாட்டுக்காகத் தனியாகக் கிளம்பிவிட்டாளாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும், கூடப்பிறந்தவள் ஒருத்தி எனக்கு எங்கேயோ இருக்கிறாள் என்று தகவல் வந்தது போல அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணே, இம்புட்டும் இவ சொந்தப் பாட்டுண்ணே! படமே கெடையாதுண்ணே!" என்று கத்தினேன்.

முன் சீட்டில் இருந்த ஜேசுராஜ் அண்ணன் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் நிஜமான இரக்கம் தெரிந்தது.

"படமே இல்லையா? அப்ப அந்தப் புள்ளைக்குச் சீட்டு எப்படிம்மா வரும்?"

வடை வெந்த நேரம்

அந்தக் கேசட் கொடுத்த சூட்டில்தான் என் பாட்டு பிறந்தது. ஒட்டன்சத்திரம் ரோட்டில் எங்கள் வேன் எப்போதும் ஏதாவது ஒரு காய்கறி லாரிக்குப் பின்னால்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னால் போகிற தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே எழுதினேன்.

ஒட்டன்சத்திரத்து லாரிக்காரரே - கொஞ்சம்
ஓரங்கட்டி நில்லுங்க
தக்காளிக்கு எடமிருக்கு தார்ப்பாய்க்குள்ள - என்
பாட்டுக்கு எடமிருக்கா சொல்லுங்க

கும்மிக்குக் கைதட்டுகிற தாளத்தை மிஷினில் ஏற்றி, ஸ்வீடன்காரி மாதிரி கீபோர்டின் கீழ்ச்சுரத்தில் ஒரு உறுமலும் கொடுத்திருந்தேன். ஆத்தூர்ப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில், அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். "அடுத்து, நமது ரோஸியின் சொந்தப் பாடல்" என்று அவர் அறிவித்ததுதான் தாமதம், அதுவரை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து வடைச்சட்டிப் பக்கம் போய்விட்டது. நான் விடவில்லை. அவர்கள் விரித்துவிட்டுப் போன துண்டுகளைப் பார்த்து முழுப் பாட்டையும் பாடினேன். இரண்டாவது சரணத்தில் நிஜமாகவே ஒரு சீட்டு வந்தது! ஒற்றைக் கையால் பிரித்தேன். ஒரு சினிமா டூயட்டைக் கேட்டிருந்தார்கள். கீழே 'சீக்கிரம்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள்.

இறங்கி வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு நின்றது. விழாக் கமிட்டித் தலைவர் ஒரு வடையை என் கையில் வைத்து, பாசமாகத்தான் சொன்னார்.

"கொரலு நல்லாருக்குத்தா. ஆனா சொந்தப் பாட்டெல்லாம் சொந்தக்காரக வீட்டுல பாடு. நாங்க அசலாளுக."

பேகம்பூர் பிரியாணி

பேகம்பூரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு பாய் வீட்டுக் கல்யாண வரவேற்பு. என் வீடு பக்கம் என்பதால் நான் மட்டும் கீபோர்டோடு ஆட்டோவில் முன்னாடியே போய்விட்டேன். மற்ற ஏழு பேரும் வேறு ஊர் வேலையை முடித்துவிட்டு வேனில் வருவதாக ஏற்பாடு. வேன் செம்பட்டி தாண்டாமல் படுத்துவிட்டது. மாப்பிள்ளை வந்தாயிற்று, ஊர் வந்தாயிற்று, மேடையில் நான் ஒருத்தி. பாய் என்னைப் பார்க்கிறார், நான் வாசலைப் பார்க்கிறேன்.

சட்டென்று ஸ்வீடன்காரி ஞாபகம் வந்தது. அவள் என்ன, எட்டுப் பேரோடா நிற்கிறாள்? தாளத்தை மிஷினில் போட்டேன், இடது கையைக் கீழ்ச்சுரங்களுக்கு விட்டேன், வலது கையில் வயலின், வாயில் பாட்டு. ஆண் குரல் வரும் வரிகளைக் கட்டைக் குரலில் நானே பாடி, பெண் குரலில் நானே வெட்கப்பட்டேன். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, துணிந்து லாரிக்காரர் மெட்டை மட்டும் வார்த்தையில்லாமல் வாசித்தேன். பின்கட்டில் பிரியாணி கிளறிக்கொண்டிருந்த பண்டாரி, தேக்சா அண்டாவின் விளிம்பில் கரண்டியால் தாளம் போட்டார். எந்தச் சீட்டையும் விட அந்தக் கரண்டிச் சத்தம் அன்றைக்கு எனக்கு இனித்தது.

முடிந்ததும் பாய் பிரியாணிப் பொட்டலங்களை அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு ஆளுக்கு எதற்கு இத்தனை என்று கேட்டேன்.

"மேடையில ஒரு ஆளுதாம்மா, ஆனா காதுல எட்டுப் பேரு கேட்டுச்சு, மாஷா அல்லா. எட்டுப் பார்சலையும் நீங்க கொண்டு போகணும்."

கத்திரிக்காய்க்கு ரெண்டு தடவை

இரண்டாயிரம் பிறந்ததும் விளம்பரப் பாட்டு வேலைகள் வர ஆரம்பித்தன. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருந்த ஒருவர் தன் மண்டிக்கு ஒரு பாட்டு கேட்டார். மண்டிக்கு வரும் எல்லாக் காயும் அதில் வர வேண்டும். நானும் சுரைக்காய், பீர்க்கங்காய், முருங்கைக்காய் என்று சந்தம் பிசகாமல் அடுக்கினேன். திண்டுக்கல்லில் ஒரு ரிக்கார்டிங் கடையில் வைத்துப் பதிவு செய்தோம். கேசட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. வெறும் உஸ் சத்தத்தோடு கொடுத்தால் நன்றாக இருக்காது என்று சொல்லி, செல்வம் அதில் என் லாரிக்காரர் பாட்டைப் பதிய வைத்தான். அந்தக் கடையில் கேசட்டைப் பிரதியெடுக்கும் மிஷின் கொஞ்சம் வேகமாக ஓடும். கேசட்டில் கேட்டால் என் குரல் கீச்சென்று, பள்ளிக்கூடப் பிள்ளை பாடுவது போல இருந்தது. யார் கேட்கப்போகிறார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

மண்டிக்காரர் மறுபக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை. ஆயுதபூஜைக்கு லாரி டிரைவர்களுக்கெல்லாம் பொரி, சுண்டலோடு ஆளுக்கொரு கேசட் கொடுக்கப்போவதாகச் சொன்னார். ஆனால் மண்டிப் பாட்டைக் கண்ணை மூடி, விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் முகம் வாடிவிட்டது.

"ஏனுங்க அம்மணி, கத்திரிக்காய் ரெண்டு தடவ வருதுங்க, என்ற வெண்டைக்காய் ஒருக்காத்தான் வருதுங்க. வெண்டைக்காய்க்காரரு மொகத்துல நான் எப்படீங்க முழிப்பேன்?"

சீட்டு

சில வருஷம் கழித்து ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கோயில் விழாவுக்குப் போயிருந்தோம். லாரிக்காரர்கள் நிறைந்த ஊர். சினிமாப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தேன். ஜேசுராஜ் அண்ணன் வழக்கம்போல ஒரு சீட்டைப் பிரித்து மைக்கில் வாசித்தார். "லாரிக்காரரே ஓரங்கட்டி நில்லுங்க. படம் பேர் தெரியாது. இப்படிக்கு, தக்காளி லோடு டிரைவர்கள்." வாசித்துவிட்டு மைக்கை அணைக்காமலேயே என்னைக் கேட்டார். "ரோஸி, இது எந்தப் படம்?"

நான் சீட்டை வாங்கி நானே ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். கூட்டம் உதவிக்கு வந்தது. ஒருவர் ஒரு ஹீரோ பெயரைச் சொன்னார். அவர் படத்தில் லாரியே கிடையாது என்று இன்னொருவர் மறுத்தார். படம் ரிலீசாகாமல் பெட்டியிலேயே கிடக்கிறது என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அதற்குள் செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்மித் தாளத்தை ஆரம்பித்துவிட்டான். முதல் வரியைப் பாடினேன். இரண்டாவது வரியை அவர்கள் பாடினார்கள். 'என் பாட்டுக்கு எடமிருக்கா' என்று வந்த இடத்தில் பாடுவதை நிறுத்திவிட்டு மைக்கை அவர்கள் பக்கம் திருப்பினேன். எத்தனை வளைவில், எத்தனை மலையிறக்கத்தில் என்னைக் கூட ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. நான் நிற்க, அந்தக் கூட்டமே சரணத்தைப் பிசகாமல் பாடி முடித்தது. ஒன்ஸ் மோர் கேட்டார்கள். மறுபடி பாடினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

அண்ணனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "இது நம்ம ரோஸியோட சொந்தப் பாட்டுங்க! எழுதுனதும் அவதான், கேசட்ல பாடுனதும் அவதான்!" என்று மைக்கில் குரல் உடையச் சொன்னார். கூட்டம் அதை நல்ல ஜோக்காக எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தது. கச்சேரி முடிந்து சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சீட்டு அனுப்பிய டிரைவர் ஒருவர் வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, என் மனம் நோகக்கூடாதே என்று தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ஏனுங்க அம்மணி, பாடுனது தேவலைங்க, கொறை சொல்லலீங்க. ஆனா கேசட்ல பாடுன பொண்ணு கொரலு வேறீங்க, கீச்சுன்னு இருக்குமுங்க. இன்னுங் கொஞ்சம் பிராக்டீஸ் பண்ணுங்க, ஒரிஜினல் மாதிரியே வந்துருமுங்க."

ஊரார் பாட்டையெல்லாம் ஒரிஜினல் மாதிரி பாடிப் பேர் வாங்கிய நான், என் சொந்தப் பாட்டில் மட்டும் இன்னும் பிராக்டீஸில்தான் இருக்கிறேன்.