பாய்லர் மூக்கில் சோளக்கட்டை

அறுபத்து மூன்றோ நாலோ, வருஷம் திட்டமாக நினைவில்லை. பம்பாயில் மழைக்காலம். செம்பூரில் 'சால்' என்கிற வரிசைக் குடியிருப்பு ஒன்றில் இருந்தோம். மாடியில் வரிசையாகப் பத்து அறைகள், அதில் ஒன்று எங்களுக்கு. எனக்கு மரப்பெட்டி செய்யும் கம்பெனியில் ஆணி அடிக்கிற வேலை. என் மனைவி வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்து மாதுங்காவில் ஒரு கடைக்குக் கொடுப்பாள்.

அந்த மழையில் அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, விரல்கள் மடங்கவில்லை. ஊசியைக் கொடுத்தால் கீழே விழுந்தது.

தினம் இரண்டு வேளை கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அமிழ்த்தி விரலை மடக்கி நீட்ட வேண்டும் என்றார் டாக்டர். ஆற ஆற மேலே சூடாக ஊற்ற வேண்டும். இரண்டு மாதம் விடாமல் செய்தால் விரல் திரும்பும். விட்டால் இப்படியே நின்றுவிடும். அவள் தலையாட்டிவிட்டு எழுந்தாள். வெளியே வந்ததும், "இனி ஊசியை நீங்க எடுங்க. சுத்தியல் பிடிக்க எனக்கு இடது கை இருக்கு" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

பகலில் நான் வேலைக்குப் போய்விடுவேன். கொதிக்கிற பானையை ஒற்றைக் கையால் அவளால் இறக்க முடியாது. அதற்காகப் பழைய செம்பு பாய்லர் ஒன்று வாங்கினேன். மராட்டிக்காரர்கள் அதை பம்ப் என்பார்கள். நடுவில் ஒரு குழல். அதில் கரியும் மரச்சில்லும் போட்டு நெருப்பு வைக்க வேண்டும். குழலைச் சுற்றித் தண்ணீர். மேலே ஒரு பக்கம் புனல், மறுபக்கம் மூக்கு. புனலின் கால் அடிவரை போகும். அதில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு செம்பு வெந்நீர் வெளியே விழும். திறக்க மூட ஒன்றும் கிடையாது. எதையும் தூக்க வேண்டாம். இடது கை போதும்.

பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு குழலின் அடிப்பொருத்து கசிந்து நெருப்பில் சொட்டியது. ஸ்டேஷன் ரோட்டில் ஸ்டவ் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். எங்கள் ஜில்லாக்காரர். அது போதும் என்று நினைத்தேன்.

"இதென்ன பெரிய வேலை? போய் டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி, முடிஞ்சிருக்கும்" என்றார்.

டீ குடித்துவிட்டு வந்தேன். முடிந்திருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார். கசிவு நின்றது.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். கரியெல்லாம் நனைந்து கிடந்த காலம். ஊதி ஊதி நெருப்புப் பிடிக்க வைத்தால், சூடேறியதும் மூக்கு வழியாக ஆவி போய்க்கொண்டே இருக்கும். வீணாகப் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. மூக்கை அடைத்துவிட்டால் சூடு உள்ளேயே நிற்கும், அவளுக்கு மத்தியானம்வரை வெந்நீர் இருக்கும், வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சுட்ட சோளம் தின்று போட்ட கட்டை ஒன்று கிடந்தது. துணியைச் சுற்றி மூக்கில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். பெட்டிக்கு ஆணி அடிக்கிறவன் அடி. இறுகிவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. பிறகு சொன்னால் மெச்சுவாள் என்று ஒரு நினைப்பு.

சனிக்கிழமை காலை. பாய்லர் உறுமியது. நன்றாகச் சூடேறுகிறது என்று சும்மா இருந்தேன். அவள் இடது கையில் செம்போடு வந்து புனல்மேல் குனிந்தாள். முடியாத கையைப் புனலின் விளிம்பில் ஊன்றியிருந்தாள். அந்த நேரம் பக்கத்து அறை மராட்டிக்காரி வாசலில் நின்று, "வஹினி, ஓ வஹினி!" என்று கூப்பிட்டாள். அவர்கள் பாஷையில் அண்ணி. கொடியில் கிடந்த எங்கள் துணி நனைகிறதாம். என் மனைவி செம்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

இரண்டு எட்டு வைத்திருப்பாள். புனல் வழியாகக் கொதிநீர் பீறிட்டுக் கூரைவரை போனது. வெளியே வழி இல்லாத ஆவி உள்ளே இருந்த தண்ணீர் முழுவதையும் புனல் வழியாகத் தள்ளிவிட்டது. அவள் முகமும் கையும் இருந்த இடத்தில் மழைபோல் விழுந்தது. என் காலில் கொஞ்சம் பட்டது. அவளை நான் இழுத்துக் காப்பாற்றினேன் என்று சொல்ல ஆசைதான். நான் ஒன்றும் செய்யவில்லை. மரம்போல் நின்றேன்.

நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லாத பாய்லரில் ஈயம் உருகிச் சொட்டியது. பொருத்து பிளந்தது.

அவள் வந்து மூக்கைப் பார்த்தாள். "நல்லா இறுக்கித்தான் அடிச்சிருக்கிய" என்றாள். சுவரோரம் போய் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆறிய பிறகு குறடு போட்டு அந்தக் கட்டையைப் பிடுங்கினேன். பக்கத்து அறைக்காரி தாராவியில் செம்பு வேலை செய்யும் ஒரு பாயைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் வீட்டு பம்ப் அவர் செய்ததாம், ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லையாம்.

மறுநாள் ஞாயிறு. பாய்லரைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்கி, சேற்றில் நடந்து பட்டறையைக் கண்டுபிடித்தேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். பனியனோடு உட்கார்ந்து ஒரு அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க இருந்து வாரிய?"

"செம்பூர்."

பாய்லரைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். "ஈயம் யாரு வச்சது?"

"ஸ்டேஷன் ரோட்டுல ஒருத்தர்."

"இந்த எடத்துல ஈயம் ஆகாது. ஆனாலும் தண்ணி இருக்கவரைக்கும் தாங்கும். இது உருகி ஓடியிருக்கு. தண்ணியில்லாம எரிச்சியளா?"

"இல்ல பாய். நெறைய ஊத்தித்தான் வச்சேன்."

"அப்ப தண்ணி எங்க போச்சு?"

அவரே ஒரு கம்பியை வளைத்து மூக்குக்குள் விட்டுச் சுரண்டினார். வெந்துபோன துணுக்குகள் வந்தன. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"சோளக்கட்டை. மூக்க அடைச்சிருக்கு. யாரு அடிச்சது?"

"அந்த ஸ்டேஷன் ரோட்டு ஆளுதான்" என்றேன். வாய் தானாகச் சொல்லியது.

அவர் கம்பியைக் கீழே போட்டார். எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். உலைக்கு மேல் தகரத்தைக் கவிழ்த்தார்.

"எங்க பாய் கெளம்பிட்டிய?"

"செம்பூருக்குத்தான். உங்க வீட்டுக்கு அடிச்சவன் இன்னும் எத்தன வீட்டுக்கு அடிச்சிருக்கானோ? புள்ளையளக் குளிப்பாட்டுத வீடா இருக்கும். எந்தெந்த வீடுன்னு கேட்டு இன்னைக்கே பிடுங்கணும். வாங்க, ஆளக் காட்டுங்க."

சந்தில் இறங்கிவிட்டார். மழை பெய்தது. தலையில் ஒரு துண்டுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. முழங்கால்வரை சேறு. பின்னால் பத்து இருபது எட்டு நடந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை.

"பாய், நான்தான் அடிச்சேன்."

அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"வேற யாருக்கும் இந்த யோசனையச் சொல்லிக் குடுத்தியளா?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப நடக்க வேண்டாம்" என்று திரும்பிப் பட்டறைக்குப் போனார்.

நானும் போனேன். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார். மனைவியின் கை, டாக்டர் சொன்னது, புனலில் கை ஊன்றியது, பக்கத்து அறைக்காரி கூப்பிட்டது, எல்லாம் சொன்னேன். அவ்வளவு பேச்சு நான் யாரிடமும் பேசியதில்லை. அவர் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய ஈயத்தைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்தார். பித்தளையும் வெண்காரமும் வைத்து உலையில் காட்டி, பொருத்தைப் புதிதாகப் பற்றவைத்தார். புனலை வெட்டி எடுத்து, நீளமாக, வெளிப்பக்கம் சாய்ந்த மாதிரி வேறு ஒன்று வைத்தார். "அவங்க இனி இதுக்கு மேல குனிய வேண்டாம். தள்ளி நின்னு ஊத்தலாம்" என்றார். கடைசியில் மூக்கின் நுனியைச் சரிவாக வெட்டி, பக்கத்தில் வரிசையாக நாலு ஓட்டை போட்டார்.

"இந்த ஓட்டை எதுக்கு பாய்?"

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி. இனி எந்தக் கட்டையை அடிச்சாலும் ஆவிக்கு வழி இருக்கும். பாய்லர நான் நம்புதேன். உங்கள நம்ப முடியாதுல்லா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அது சரியாகப் பட்டது.

சாயங்காலம் தண்ணீர் நிரப்பி நெருப்பு வைத்து, சூடேறும்வரை என்னைப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். ஒரு செம்பு ஊற்றினார். ஒரு செம்பு வந்தது. "இதுக்கு இவ்வளவுதான் தெரியும். இதுக்கு மேல இதுகிட்ட கேக்காதிய" என்றார். கிளம்பும்போது, "அவரு ஈயம் வச்சது தப்புதான். அதுக்காகச் சோளக்கட்டையும் அவரு அடிச்சதா ஆகாது" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். புதுப் புனலைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்த ஸ்டேஷன் ரோட்டு ஆளுட்டச் சொன்னியளா?" என்றாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவரிடமும் சொன்னேன். அவர் ஸ்டவ்வில் பின் குத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கள நம்பி அந்த பாய் வந்திருந்தா, நான் இல்லன்னு சொன்னா யாரு கேப்பா?" என்றார். அந்த இடத்தில் ஈயம் ஆகாது என்பதைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை. நாலு நாள் கழித்துத்தான் சொன்னேன். முகம் கொடுக்காமல் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு வேளைகூட விடாமல் அவள் கையை வெந்நீரில் வைத்தாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வாள், சத்தம் வராது. முதலில் கட்டைவிரல் வந்தது. பிறகு மற்றவை. சுண்டுவிரல் மட்டும் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. ஊசி பிடிக்க அது வேண்டாம் என்றாள். அவள் மறுபடி தைத்த முதல் ஜாக்கெட் பக்கத்து அறைக்காரிக்கு.

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் மகன் வீட்டில் முலுண்டில் இருக்கிறேன். வெந்நீருக்குச் சுவரில் கெய்சர் இருக்கிறது. அது கெட்டு ஆள் வந்தால், அவர் கேட்பதற்கு முன்பே நான் எதெதில் கைவைத்தேன் என்று சொல்லிவிடுவேன். மகன் சிரிப்பான். எனக்கு அந்த பாய் சட்டையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கியதுதான் கண்ணில் வரும். முகம் தெரியாத வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் நடந்தார். என் மனைவியின் கைக்காகப் போன நான், என் பெயர் கெடக்கூடாதென்று பொய் சொல்லிக்கொண்டு அவர் பின்னால் நடந்த அந்த இருபது எட்டை இன்னும் நடந்து முடிக்கவில்லை.